நாலு நாற்பதுக்கு டீச்சர் வருவார்

பத்து வீடு ஏறி இறங்கிய பிறகுதான் சத்யபிரியாவுக்கு ஒன்று விளங்கியது. கல்யாணம் ஆகாத பெண் தனியாகக் குடிவரப் போகிறாள் என்று தெரிந்த அடுத்த நிமிடம், புதுக்கோட்டையில் இருக்கிற அத்தனை வீட்டுக்காரர்களுக்கும் வெளியூரிலிருந்து மகனோ மருமகனோ திடுதிப்பென்று குடிவரத் தயாராகிவிடுவார்கள். ஒரு வீட்டில் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, "அப்பா அம்மால்லாம் எப்ப வாராங்க?" என்று கேட்டார்கள். அப்பா இல்லை, அம்மா ஊரில்தான் இருப்பார் என்றதும் கொடுத்த சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இன்னொரு வீட்டில் மோர் கொடுத்து, கூடவே புத்திமதியும் கொடுத்து அனுப்பினார்கள். மோர் நன்றாக இருந்தது.

பதினோராவது வீடு ஆரோக்கியதாஸுடையது. கீழே அவரும் மனைவியும். மாடியில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. பக்கவாட்டில் காலி மனை, அதில் ஆள் உயரத்துக்குச் சீமைக்கருவை. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆரோக்கியதாஸ் அவளிடம் எதையும் துருவிக் கேட்கவில்லை. தானாகவே ஒன்றைச் சொன்னார்.

"மறச்சு வச்சுப் பேச எனக்குத் தெரியாது பாப்பா. இதுல அமுதவல்லி டீச்சர்னு ஒருத்தவங்க குடியிருந்தாங்க. கணக்கு டீச்சர். இருவத்திரெண்டு வருசம், தனியாத்தான். பங்குனியில போய்ச் சேந்துட்டாங்க. இந்த ஹால்லதான், சேர்ல ஒக்காந்தபடிக்கே. ஞாயித்துக்கெழம நடந்துருக்கு. திங்கக்கெழம ஸ்கூலுக்குக் கெளம்பலயேன்னுதான் நான் மேல ஏறி வந்து பாத்தேன். ஃபாதரக் கூட்டியாந்து ஜெபம் பண்ணி, தீர்த்தம் தெளிச்சாச்சு. ஒனக்கு ஒரு கொறையும் வராது."

சத்யபிரியாவின் கண் ஹாலின் கிழக்குச் சன்னலில் போய் நின்றது. சுவர் முழுக்க வெளிறிய பச்சை. சன்னலைச் சுற்றி மட்டும் ஒரு முழ அகலத்துக்குப் புதுச் சிமெண்ட், வர்ணம் அடிக்காமல் சாம்பலாகக் கிடந்தது.

"சன்னலப் பேத்தாங்களா அங்கிள்?"

"ஆமா. திருச்சியிலேர்ந்து அவங்க அண்ணன் மகன் வந்தாரு. நச்சத்திரம் சரியில்ல, வாசப்பக்கம் கொண்டுபோகக் கூடாதுன்னு சொல்லி, அங்கிட்டுச் சாரம் கட்டித்தான் எறக்குனாங்க. ஏதோ வெளக்கு வைக்கணும்னு மூணு நாளு தங்கினாரு. அப்புறம் சாவியக் குடுத்துட்டுப் போயிட்டாரு. சொவத்தப் பூசியாச்சு, அதோட முடிஞ்சதுன்னு நான் இருக்கேன். ஏன் பாப்பா, இன்னும் எதுவும் இருக்கா?"

இருந்தது. ஆவுடையார்கோவில் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த பெண்ணுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அதிலும் அவள் கண்ணாத்தாளின் மகள். ஊரில் ஒரு சாவு விழுந்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டுவதற்கு முன்னால் கண்ணாத்தாளைத்தான் கேட்பார்கள். அவிட்டம் தொடங்கி ரேவதி வரைக்கும் ஐந்து நட்சத்திரம். அவற்றில் ஒன்றில் உயிர் போனால் அது அடைப்பு. உடலை வாசல் வழியாகக் கொண்டுபோக மாட்டார்கள். சுவரை இடித்தோ சன்னலைப் பெயர்த்தோ இறக்கிவிட்டு, கையோடு பூசிவிடுவார்கள். போன உயிருக்குத் திரும்பி வருகிற வழி தெரியக் கூடாது. உயிர் போன அறையை ஆறு மாதம் பூட்டி வைத்து, சாயங்காலம் தவறாமல் ஒரு விளக்கும் ஒரு சொம்புத் தண்ணீரும் வைக்க வேண்டும். அதுவரைக்கும் அங்கே யாரும் புழங்கக் கூடாது.

பங்குனியிலிருந்து எண்ணினால் புரட்டாசி. இப்போது ஆடிதான் நடக்கிறது. வேதக்காரரான ஆரோக்கியதாஸுக்கு இந்தக் கணக்கு தெரியாது. அவளுக்குத் தெரியும்.

ஆனால் கண்ணாத்தாள் வைத்திருந்த கெடு அதைவிடப் பெரியது. ஆவணி முதல் வெள்ளிக்குள் உருப்படியான ஒரு வீட்டில் பால் காய்ச்ச வேண்டும். இல்லாவிட்டால் ரத்தப் பரிசோதனை நிலைய வேலையை உதறிவிட்டு ஊருக்கு வந்துவிட வேண்டும். சிங்கப்பூரிலிருந்து மாமன் மகன் லீவில் வருகிறான், பேசி முடித்துவிடலாம். மூன்று வருடமாக ஹாஸ்டலில் ஆறு பேர் இருக்கிற அறையில் படுத்து எழுந்தவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தான் பூட்டி, தானே திறக்கிற ஒரு கதவு.

"ஒண்ணும் இல்ல அங்கிள். எனக்கு வீடு புடிச்சிருக்கு," என்றாள்.

அன்று போனில் கண்ணாத்தாள் சுற்றி வளைக்காமல் கேட்டாள். "சாவு விழுந்த வீடாடி?"

"இல்லம்மா."

"எந்தலையில அடிச்சுச் சொல்லு."

"போன்ல எப்படிம்மா அடிக்கிறது? இல்லன்னா இல்ல."

ஆடியில் குடி போகக் கூடாது. அதனால் ஹாஸ்டலிலேயே படுத்துக்கொண்டு, மதியம் ஷிப்ட் முடிந்ததும் தினமும் வந்து வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுங்கு செய்வது என்று வைத்துக்கொண்டாள். கீழ ராஜ வீதியில் வாளி, குவளை, துணி காயப்போடக் கொடி, இரண்டு பர்னர் அடுப்பு, மூன்று லிட்டர் குக்கர் என்று ஒவ்வொன்றாக வாங்கினாள். தட்டு வாங்கப் போன இடத்தில் ஒன்றா இரண்டா என்று வெகுநேரம் நின்றாள். ஒன்றே ஒன்று வாங்கினால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார் என்று இரண்டாக வாங்கினாள். கிழக்குச் சன்னலுக்கு மட்டும் தரை வரைக்கும் தொங்குகிற திரைச்சீலை. "சன்னலுக்கா, இல்ல மேடைக்காம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஜவுளிக்கடைக்காரர் துணியைக் கிழித்தார்.

முதல் நாள் வெறும் ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்து மின்விசிறியைப் போட்டாள். நிறுத்தினாள். மறுபடியும் போட்டாள். யாரும் "ஏன்டி போட்ட, ஏன்டி நிறுத்துன?" என்று கேட்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் தனியாகவே சிரித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டக், டக், டக். கிழக்குச் சன்னலில், வெளியிலிருந்து.

அவசரமில்லாத தட்டல். குடைக் கைப்பிடியால் தட்டுவது மாதிரி மரத்தின் மேல் கெட்டியாக விழுந்தது. அணிலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுந்து போய்ப் பார்த்தாள். சன்னலுக்குக் கீழே நிற்க ஒரு விளிம்பு கூட இல்லை; பதினைந்து அடி மொட்டைச் சுவர், அதற்குக் கீழே கருவை முள். அணிலும் இல்லை. போனைப் பார்த்தாள். மணி நாலு நாற்பது.

மறுநாள் சமையலறை அலமாரியில் காகிதம் விரித்துக்கொண்டிருந்தபோது அதே மூன்று தட்டல். அதே நாலு நாற்பது. மூன்றாம் நாள் நாலரைக்கே சன்னலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். வெயில் சாய்ந்து கிடந்தது. கருவை மேல் ஒரு கரிக்குருவி உட்கார்ந்திருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் வெறும் வெளிச்சம்தான். கண்ணைச் சிமிட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், சட்டத்தில் டக், டக், டக் என்று விழுந்தது. புதுச் சிமெண்டிலிருந்து கொஞ்சம் தூள் உதிர்ந்து அவள் கால்விரலில் விழுந்தது.

செருப்பைக் கூடப் போடாமல் கீழே ஓடினாள். ரோஜாத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஆரோக்கியதாஸ், "என்னம்மா, மூச்சு வாங்குது?" என்றார்.

"அங்கிள், டீச்சர் ஸ்கூல் விட்டு எத்தன மணிக்கு வருவாங்க?"

"நாலு நாப்பது," என்றார் அவர், யோசிக்காமல். "கேட் சத்தம் கேட்டுச்சுன்னா கடிகாரத்தையே பாக்க வேண்டாம். மழையோ வெயிலோ கையில கொட இருக்கும். அந்தக் கொடயாலதான் கேட்டத் தள்ளுவாங்க. ஏன் கேக்குற?"

"சும்மாதான்," என்றாள்.

அன்று ஹாஸ்டலுக்குப் போகிற டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தாள். பயம் இருந்தது. பயத்துக்கு அடியில் வேறொன்று உறுத்திக்கொண்டே இருந்தது. டீச்சர் பயமுறுத்த வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வருகிறார். இருபத்திரண்டு வருடமாக வந்த மாதிரி வருகிறார். கடைசியாக வெளியே போன வழி சன்னல் என்பதால் அந்தச் சன்னலுக்கே வந்து நிற்கிறார். விளக்கு இருந்தால் இந்த வீடு தனக்கு இனி இல்லை என்று தெரிந்துகொண்டு போயிருப்பார். விளக்கு வைக்க ஆள் இல்லை. யாராவது திறப்பார்கள் என்று தட்டிவிட்டு நிற்கிறார். உள்ளே ஒருத்தி திரைச்சீலையை இழுத்து மூடுகிறாள்.

பத்து வீட்டு வாசலில் நின்ற சத்யபிரியாவுக்கு, உள்ளே இடம் இருந்தும் திறக்காத கதவுக்கு முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரியும். அழுகை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் பார்த்ததும் தூசி விழுந்துவிட்டது என்று கண்ணைக் கசக்கினாள். அழுதாலும், ஆவணி வெள்ளி முடிகிற வரைக்கும் வாயைத் திறப்பதில்லை என்ற முடிவை மட்டும் அவள் மாற்றிக்கொள்ளவில்லை. பாவம் பார்த்தால் வீடு போய்விடும்.

ஆவணி முதல் வெள்ளி, ஆறு மணிக்கெல்லாம் கண்ணாத்தாள் வந்து இறங்கினாள். கையில் உப்பு, மஞ்சள், நிறைகுடத்துக்கு ஒரு பித்தளைச் செம்பு, சாமி படம். மகளை முன்னால் விட்டு, வலது காலை வைக்கச் சொல்லி உள்ளே வந்தாள். புது அடுப்பில் பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. கண்ணாத்தாள் முகத்தில் அப்படியொரு நிறைவு. ஆரோக்கியதாஸ் வீட்டுக்கு ஒரு டம்ளர் கொடுத்து அனுப்பிவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்க்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடினாள். வாசல் தாழ்ப்பாளை மூன்று தடவை போட்டுப் பார்த்தாள்.

"வீடு லச்சணமாத்தான் இருக்கு," என்றாள். "மாமங்கிட்ட நான் சொல்லிக்கிறேன். ஒரு வருசம் போகட்டும்."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் சத்யபிரியா மூன்று வருடம் தலையால் தண்ணீர் குடித்திருந்தாள். கிடைத்துவிட்டது. இனி அம்மாவை நாலு மணிக்குள் பஸ் ஏற்றிவிட்டால் போதும்.

சாப்பிட்டதும் கண்ணாத்தாள் பாயை விரித்து, கிழக்குச் சன்னலுக்கு நேராகப் படுத்தாள். காற்று அங்குதான் வருகிறதாம்.

மூன்றரைக்குச் சத்யபிரியா எழுப்பினாள். "நாலு மணி பஸ்ஸு காலியாப் போகும்மா."

"அஞ்சரைக்கு ஒண்ணு இருக்குல்ல? டீயப் போடு."

டீ குடித்தாயிற்று. "வெயில் தாந்துருச்சு, கெளம்புவமா?" என்றாள் மகள்.

"ஏன்டி வெரட்டுற? பெத்தவ ஒரு பொழுது ஒக்காரப்புடாதா?" என்றபடி கண்ணாத்தாள் காலையில் வழிந்த பாலை அடுப்பிலிருந்து துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த பிறகு மேடையைக் கழுவினாள். சத்யபிரியா போனைப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தாள். நாலு முப்பத்தெட்டு. மின்விசிறியை வேகமாக வைத்தாள். போனில் ஏதோ பாட்டைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினாள்.

"காது வலிக்குது, நிறுத்து," என்று கண்ணாத்தாள் வந்து போனை வாங்கி நிறுத்திய நேரத்தில், டக், டக், டக்.

கண்ணாத்தாள் வாசலைப் பார்க்கவில்லை. சத்தம் வந்த திக்கை நேராகப் பார்த்தாள். நடந்து போய்த் திரைச்சீலையை ஒதுக்கினாள். வெளியே யாரும் இல்லாததை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சன்னலைச் சுற்றியிருந்த சாம்பல் சிமெண்டில் உள்ளங்கையை வைத்தாள். கையை எடுத்துவிட்டுத் திரும்பியபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"யாரு?"

"அமுதவல்லின்னு ஒரு டீச்சர்மா. தனியா இருந்தாங்க."

"எப்ப?"

"பங்குனியில."

கண்ணாத்தாள் விரலை மடக்கி எண்ணினாள். எண்ணி முடிப்பதற்குள்ளேயே விடை தெரிந்துவிட்டது. "அடப்பு வீட்டுல வந்து பால் காய்ச்ச வச்சிருக்கியேடி, பாவி. பெத்தவகிட்ட இல்லன்னு சாதிச்சியே. ஒனக்கு ஒண்ணு ஆனா நான் எங்கிட்டுப் போயி முட்டிக்குவேன்?" மகளை அடிக்கக் கை ஓங்கி, அடிக்காமல் அந்தக் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, கேட்காமல் இருக்க முடியாதவளாக, "வெளக்கு யாரு வக்கிறா?" என்றாள்.

"மூணு நாளு வச்சாங்க. அப்புறம் யாரும் வக்கல."

"ஆறு மாசத்துக்கு மூணு நாளா?" கண்ணாத்தாளுக்கு அந்த முகம் தெரியாத அண்ணன் மகன் மேல் கோபம் பொங்கியது. ஆனால் அது அவன் பாடு. "பையை எடு. சாமானெல்லாம் கெடக்கட்டும். அஞ்சரை பஸ்ஸுக்கு ரெண்டு பேரும் போறோம். இனிமே வேலையும் வேணாம், வீடும் வேணாம்."

சத்யபிரியா பையை எடுத்தாள். பொய் சொன்னது அவள்தான். வீடு போயிற்று. இனி மறைக்க எதுவும் இல்லை என்று நினைத்தபோது, அத்தனை வருத்தத்திலும் தோள் லேசான மாதிரி இருந்தது.

டக், டக், டக். இரண்டாவது முறை. இத்தனை நாளில் டீச்சர் இரண்டாவது முறை தட்டியதே இல்லை. உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

சத்யபிரியா பையைக் கீழே வைத்தாள். "ஒரு நிமிசம்மா," என்றாள்.

"எங்கடி போற?"

"இருவத்திரெண்டு வருசம் இருந்த வீடும்மா இது. வாசல் தெரியாம நிக்கிறாங்க. போறதுன்னாலும், அவங்கள வெளியில நிக்க வச்சுட்டு எனக்குப் போக மனசு வரல."

படியிறங்கி, கேட்டைத் திறந்து, சுவரைச் சுற்றிக் காலி மனைக்குள் போனாள். முள் கெண்டைக்காலில் இழுத்தது. சன்னலுக்கு நேர் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தாள். மொட்டைச் சுவர். பட்டப்பகலில் காற்றோடு பேசுகிறவளை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஒரு நொடி தோன்றியது. நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

"டீச்சர்," என்றாள். "சன்னலத் திரும்ப வச்சுப் பூசிட்டாங்க, டீச்சர். அந்த வழி இனி தொறக்காது. ஒங்களுக்கு யாரும் சொல்லல. எனக்குத் தெரிஞ்சும் நான் சொல்லல, தப்புத்தான். வாசல் இங்கிட்டு இருக்கு. எங்கூட வாங்க."

கரிக்குருவி எழுந்து பறந்தது. தட்டல் நின்றுவிட்டது. வியர்த்திருந்த பின்கழுத்து மட்டும் குளிர்ந்தது, தனக்குப் பின்னால் யாரோ நிழலாக வந்து நின்ற மாதிரி. சத்யபிரியா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கால் நடக்காது என்று தெரியும். முள்ளை ஒதுக்கிவிட்டு, வயதானவர்கள் கூட நடந்து வரும்போது நடக்கிற வேகத்தில், மெதுவாக நடந்தாள்.

கேட்டை விரியத் திறந்து, தான் நுழைந்த பிறகும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். ரோஜாத் தொட்டிப் பக்கம் நின்றிருந்த ஆரோக்கியதாஸ் அவளையும் அவள் பிடித்திருந்த கேட்டையும் பார்த்தார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

மாடிப்படி குறுகல். அதன் பாதியில் கண்ணாத்தாள் நின்றுகொண்டிருந்தாள். மகளை இழுத்துப் போக வந்தவள். கையில் இரண்டு பைகளும் இருந்தன. வாய் ஏதோ சாமி பேரை முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"படி பாத்து, டீச்சர்," என்று சத்யபிரியா சொன்னாள். ஒரு படி ஏறி நின்றாள். இன்னொரு படி ஏறி நின்றாள்.

கண்ணாத்தாள் மகளைப் பார்த்தாள். மகளுக்குப் பின்னால் இருந்த வெறும் படிகளைப் பார்த்தாள். அவற்றையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் முணுமுணுப்பதை நிறுத்தியது. பைகளைக் கீழே வைத்துவிட்டு, தலைமுடியை ஒதுக்கி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இரண்டு பேர் ஏறிப் போகிற அளவுக்குச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

சத்யபிரியா அவளைத் தாண்டி ஏறினாள். அவளுக்குப் பின்னால் கண்ணாத்தாளின் குரல் கேட்டது, தாழ்ந்து, மரியாதையாக.

"எம்புள்ளைய ஒங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன், டீச்சர். பாத்துக்கங்க."